ஆவணியில் வீடு மாறுகிறோம்

அப்பா போனபின் ஓய்வூதியம் குடும்ப ஓய்வூதியமாகச் சுருங்கிவிட்டது. மகள் கோவையில் கல்லூரி விடுதியில் சேர்ந்துவிட்டாள். மேற்கு மாம்பலத்து வாடகை இனிக் கட்டுப்படியாகாது. ஆடியில் குடிபோகக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால், ஆவணி பிறந்ததும் குரோம்பேட்டையில் பால் காய்ச்சுகிறோம்.

வீடு தேடியதுதான் பெரும்பாடு. பார்த்த இடமெல்லாம் பத்து மாத வாடகை முன்பணம் கேட்டார்கள். இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம். ஆனால் ஒப்பந்தத்தில் கூடுதலாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த வரம்பு கைகொடுக்காது. முன்பே பேசிவிடுங்கள். துக்க வீட்டுக்காரர்களுக்குப் பேரம் பேசத் தெம்பிருக்காது என்று தெரிந்தே கேட்பவர்களை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

மீட்டர் பெட்டியருகே பழைய மின்கணக்கு அட்டை தொங்குகிறது. ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் அப்பா அதன் ஓரத்தில் பென்சிலால் கட்டணத்தைக் கூட்டிச் சரிபார்த்திருக்கிறார். அம்மா அதைக் கழற்றித் தன் புடவைகளுக்கிடையே வைத்துக்கொண்டார். மாவடு ஜாடியையும் லாரியில் ஏற்ற விடமாட்டாராம். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டுதான் வருவார். வரட்டும்.

அப்பாவின் தேக்கு மேசைக்குப் புது வீட்டில் இடமில்லை. விற்க மனம் வரவில்லை. படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீட்டில் யாருக்காவது வேண்டுமென்றால் உள்பெட்டியில் சொல்லுங்கள். பணம் வேண்டாம், தூக்கிச் செல்ல இரண்டு ஆட்களோடு வாருங்கள்.