பிழையை எப்படிக் கையாள்கிறது உங்கள் மொழி?

புது நிரல்மொழி ஏதாவது கண்ணில் பட்டால் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: திறக்கப் போன ஃபைல் அங்கே இல்லையென்றால் இந்த மொழி என்ன செய்யச் சொல்கிறது? மொழியை வடிவமைத்தவர் நிரல் எழுதுகிறவரை எவ்வளவு நம்புகிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஜாவா கொஞ்சம்கூட நம்பவில்லை. செக்டு எக்செப்ஷன் (கவனிக்கப்பட்டதா என்று கம்பைலரே சரிபார்க்கும் பிழை) வரும் என்றால் பிடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மேலே அனுப்புவதாக அறிவிக்க வேண்டும். எண்ணம் நல்லதுதான், ஆனால் கம்பைலர் (நிரலை ஓடும் வடிவுக்கு மாற்றித் தரும் மென்பொருள்) வாயை மூடினால் போதும் என்று, பிழையைப் பிடித்து எதுவும் செய்யாத காலி கேட்ச் பிளாக் எழுதிவிட்டுப் போகிறவர்கள் எல்லா டீமிலும் இருக்கிறார்கள். சி ஷார்ப் மொழியை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் இந்தக் கட்டாயத்தைத் தெரிந்தே விட்டுவிட்டார், கோட்லின் மொழியிலும் இது கிடையாது.

கோ மொழியில் எரர் என்பது சாதாரண மதிப்பு. ஃபங்ஷன் விடையையும் எரரையும் சேர்த்தே திருப்பித் தரும், எரர் நில்லா (nil, அதாவது எதுவும் இல்லை) இல்லையா என்று நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று வரிக்கு ஒருமுறை அதே இஃப் வருகிறது என்று எல்லோரும் புலம்புகிறார்கள். சுருக்கி எழுத 2019இல் வந்த 'ட்ரை' முன்மொழிவு கைவிடப்பட்டது, 2025இல் இனி இதற்காக சிண்டாக்ஸை (மொழியின் எழுத்து விதிகளை) மாற்றப்போவதில்லை என்றே கோ குழு சொல்லிவிட்டது. அந்த உறுதி எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அடுத்தவர் எழுதிய கோ நிரலைப் படிக்கும்போது எந்த வரியில் என்ன தவறலாம் என்பது பளிச்சென்று தெரிகிறது. என் வருத்தம் வேறு. எரரைப் பார்க்காமலே விடையை எடுத்துப் பயன்படுத்தினாலும் கம்பைலர் பல இடங்களில் பேசாமல் விட்டுவிடும், அந்த விடை நில் பாயின்டராக (எதையும் சுட்டாத முகவரியாக) இருந்தால் ஓடும்போதுதான் பேனிக் ஆகும், அதாவது நிரல் பாதியில் நின்றுபோகும். 1965இல் அல்கால் டபிள்யூ மொழியில் நல் ரெஃபரன்ஸை, அதாவது இந்த நில்லின் மூலத்தைக் கொண்டுவந்த கணினி அறிஞர் டோனி ஹோர், அது தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று 2009இல் சொன்னார். அதே வருடம் வெளிவந்த கோ, நில்லோடுதான் வந்தது.

ரஸ்ட் மொழியின் ரிசல்ட் என்ற வகை இங்கேதான் ஜெயிக்கிறது. விடை, எரர் இரண்டில் ஒன்றுதான் உள்ளே இருக்கும், எது என்று பிரித்துப் பார்க்காமல் விடையைத் தொடவே முடியாது. 'அன்ராப்' (விடை இருந்தால் கொடு, எரர் இருந்தால் நிரலை நிறுத்து) போட்டுத் தப்பிக்கலாம், சரி, ஆனால் அந்தச் சொல் நிரலிலேயே நிற்கிறது, ரிவ்யூ செய்கிறவர் பிடித்துக் கேட்கலாம். எரரை மேலே அனுப்ப ஒரு கேள்விக்குறி போதும்.

எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். ஒரே ஃபங்ஷனில் மூன்று லைப்ரரிகளின் மூன்று வகை எரர் வந்தால் அவற்றை ஒன்றாக்குவதற்கே தனி வேலை பார்க்க வேண்டும், பலர் எனிஹவ் மாதிரி வெளி கிரேட்டை (ரஸ்ட் லைப்ரரியை) தேடிப் போகிறார்கள். எந்த எரரையும் ஒரே வகைக்குள் போட ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் Box<dyn Error> இருக்கிறது, ஆனால் இவ்வளவு அடிப்படையான தேவைக்கு அங்கேயே இன்னும் வசதியான வழி இருந்திருக்க வேண்டும்.