மிருதங்கமும் இயற்பியலும் ஒரே நோட்டில்

கோயம்புத்தூரில் பகலில் இயற்பியல் வகுப்பு, சாயங்காலம் மிருதங்கப் பாடம் என்று மூன்று வருஷம் படித்தேன். முதல் வருஷம் இரண்டுக்கும் தனித்தனி நோட்டு. ஒலியியல் தாளில் மார்க் குறைந்தது. சூத்திரம் மனப்பாடம்தான், ஆனால் அது எந்தச் சத்தத்தைச் சொல்கிறது என்று தெரியாது.

இரண்டாம் வருஷம் வட்டச் சவ்வின் அதிர்வு வந்தது. வெறும் தோலின் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்ற விகிதத்தில் போகும். முழு எண்களாக அமையாததால் சுருதி தெளிவாக நிற்காது. அன்று சாயங்காலம் மிருதங்க ஆசிரியர் வலந்தலையில் (மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலில்) மோதிர விரலை லேசாக வைத்து 'நம்' வாசிக்கச் சொன்னார். "கேளு கண்ணு, அடிச்சுரம் எங்க போச்சு?" என்றார். விரல் பட்ட கோட்டில் தோல் அசைய முடியாது. அதனால் அடிச்சுரம் அடங்கி இரண்டாவது சுரம் எழுகிறது. தோலின் நடுவில் உள்ள கரணை என்ற கறுப்புப் பூச்சின் எடைதான் மேற்சுரங்களை 1, 2, 3 என்று ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. சி. வி. ராமன் இதை 1920-ல் நேச்சர் இதழில் எழுதினார். 1934-ல் தோலில் மணலைத் தூவி, அதிராத கணுக்கோடுகளைக் காட்டினார். இந்தக் கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள். எனக்குப் பாடப்புத்தகத்தைவிட அவைதான் புரிந்தன.

சற்றே விலகிய இரண்டு சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும்போது சத்தம் ஏறி இறங்குவதை விம்மல் என்பார்கள். அதையும் இப்படியே காதால் படிக்கலாம். ச 240 ஹெர்ட்ஸ் என்றால் 5/4 விகிதத்தில் அந்தர காந்தாரம் 300. கீபோர்டிலோ சுமார் 302.4. ச-வின் ஐந்தாம் சீரிசை, அதாவது அதன் ஐந்து மடங்கு அதிர்வெண், 1200; கீபோர்டு காந்தாரத்தின் நான்காவது சுமார் 1209.5. வினாடிக்கு ஒன்பது பத்து விம்மல்! இரண்டையும் சேர்த்து அழுத்திக் கேட்ட பிறகு அந்தக் கணக்கு எனக்கு மறக்கவே இல்லை.

எதிர்முழக்கத்துக்கு, அதாவது சத்தம் நின்ற பிறகும் அறையில் நீடிக்கும் ஒலிக்கு, நம் கல்யாண மண்டபங்களே போதும். 2700 கன மீட்டர் மண்டபத்தில் ஒலி உறிஞ்சும் அளவு 120 சதுர மீட்டர் என்றால், எதிர்முழக்க நேரத்தைச் சொல்லும் சபைன் சூத்திரப்படி 0.161 × 2700 ÷ 120, அதாவது 3.6 வினாடி. தவில் சொற்கட்டுகள் ஏன் அங்கே குழைகின்றன என்பது அதிலேயே தெரியும்.

இரண்டிலும் பட்டம் வேண்டுமா? நேரம் மோதாவிட்டால் ஒரே காலத்தில் இரண்டு பட்டங்கள் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் வழி திறந்தது. கோவையிலேயே அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. சேரும் முன் இரு கல்லூரிகளிலும் வகுப்பு நேரத்தைக் கேட்டுவிடுங்கள். தேர்வு மாதத்தில் சாதகத்தை அரை மணியாகக் குறைக்கலாம், நிறுத்தாதீர்கள்.

ப்ராஜெக்டுக்கு எங்கள் பக்கத்துக் கதைப்பாட்டுக்காரரின் உடுக்கையை எடுத்துக்கொண்டேன். இடுப்புக் கயிற்றை அழுத்தினால் தோல் இறுகிச் சுருதி ஏறும். இலட்சியத் தோலில் இழுவிசை நான்கு மடங்கானால்தான் அதிர்வெண் இரண்டு மடங்காகும். போனில் பதிவு செய்து ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் அதிர்வெண் நிறமாலையைப் போட்டுக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "இன்னொருக்கா அமுக்கறேன், பாருங்க" என்று உடுக்கையைக் கையில் எடுத்தார்.