எதிரே தேக்கோங்

2025 ஜனவரி 9, வியாழன்

மகனைத் தேசிய சேவை ராணுவப் பயிற்சிக்காகத் தேக்கோங் தீவில் விட்டுவிட்டு வந்து இரண்டு நாள் ஆகிறது. உறுதிமொழி எடுத்தார்கள், முகாம் உணவகத்தில் எல்லாருக்கும் சாப்பாடு போட்டார்கள், அப்புறம் எங்களை மட்டும் படகில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கால் மணி நேரப் படகுதான். மனைவி ஏதோ அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தவள் போல அழுதாள். நான் அழவில்லை. நானும் அதே தீவில் மொட்டை அடித்துக்கொண்டு நின்றவன்தானே.

வீட்டில் இப்போது அவன் பொறுப்பில் இருந்த ஒன்று என் பொறுப்புக்கு வந்திருக்கிறது: எங்கள் நாய் மணி. காப்பகத்திலிருந்து வந்தபோது அதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர். அம்மா வாயில் அது நுழையவில்லை. "மணி" என்று கூப்பிட்டார், திரும்பிப் பார்த்தது, சரி என்று விட்டுவிட்டோம். ஜாதி கேட்பவர்களுக்கு 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்போம். அதாவது, என்ன கலப்பு என்று அதற்கே தெரியாத தெருநாய். 2012ல் அடோர் என்கிற நாய் தத்தெடுப்புத் திட்டம் வந்த பிறகுதான் இந்த மாதிரி நாய்களுக்கு அரசாங்க வீவக அடுக்குமாடி வீடுகளில் இடம் கிடைத்தது.

சாயங்காலம் வேனில் ஏற்றி, சாங்கி கடற்கரைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். பாசிர் ரிஸ் பூங்கா நடக்கிற தூரத்தில் இருக்கும்போது எதற்குச் சாங்கி என்று மனைவி கேட்டாள். அங்கே காற்று நன்றாக வரும் என்றேன்.

ஜனவரி 12, ஞாயிறு

வெள்ளிக்கிழமை பிடித்த மழை. சாங்கி வட்டாரத்தில் இரண்டே நாளில் ஜனவரி மாதத்துக்கு உரிய சராசரியையே தாண்டிவிட்டதாம். மணி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு தூணில் காலைத் தூக்கிவிட்டு நேரே மின்தூக்கிக்கு இழுக்கிறது. மழையில் பிள்ளை எப்படிப் படுத்திருப்பானோ என்று மனைவி இன்றைக்கு மட்டும் நாலு தடவை கேட்டாள். கட்டிலில்தான் படுத்திருப்பான் என்றேன். அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். காலையில் அரைநாள் வேலை, மதியம் பொங்கச்சோறு, ஒரு தூக்கம், ஐந்தரைக்குச் சாங்கி.

இன்று பௌர்ணமி. கடல் வெகுதூரம் உள்ளே வாங்கியிருந்தது. வழக்கமாக அலை அடிக்கிற இடத்தில் ஈர மணல். நான் நடந்தால் வேகமாக நடக்கிறவன். நடக்கும்போதே வேன் தவணை, யார் பாக்கி தரவேண்டும் என்று கணக்கு ஓடும். மணியோடு அது நடக்காது. தென்னைக்குத் தென்னை நிற்கும். தூண்டில்காரர் யாராவது இறால் துண்டைச் சிந்தியிருந்தால் அங்கே ஐந்து நிமிஷம். கயிறு அதன் கழுத்தில் இருக்கிறது என்றுதான் பெயர். முதல் நாள் எரிச்சலாக இருந்தது.

இன்று மணலில் மூக்கை வைத்துக்கொண்டு அசையவே இல்லை. நானும் குந்திப் பார்த்தேன். ஒரு சின்ன ஓட்டை. அதைச் சுற்றி மிளகு அளவில் மணல் உருண்டைகள், வரிசை வரிசையாக, நடுவிலிருந்து வெளியே விரிந்துகொண்டே போயின. அசையாமல் இருந்ததில் ஆள் வெளியே வந்தது. விரல் நகத்தைவிடச் சின்ன நண்டு. மணலை இரண்டு கொடுக்காலும் அள்ளி வாயில் வைக்கிறது, அதில் இருக்கிற சத்தை உறிஞ்சிக்கொள்கிறது, மிச்சத்தை உருட்டிப் பின்னால் தள்ளுகிறது, கொஞ்சம் நகர்கிறது, மறுபடி அள்ளுகிறது. காலையில் எங்கள் வாசலில் மனைவி போட்ட புள்ளிக் கோலத்தைவிட இது நேர்த்தி (இதை வீட்டில் சொல்லவில்லை). தண்ணீர் ஏறினால் அத்தனையும் போய்விடும், அடுத்த இறக்கத்தில் முதலிலிருந்து.

மணி ஒரு தும்மல் போட்டது. நண்டு உள்ளே போய்விட்டது. தலைக்கு மேலே விமானம் ஒன்று இரைந்துகொண்டு போன பிறகுதான் நேரம் பார்த்தேன். அரைமணி நேரம் எந்தக் கணக்கும் ஓடவில்லை.

தேக்கோங் அப்படியே எதிரே, பச்சைக் கோடாக.

ஜனவரி 19, ஞாயிறு

சாங்கி வில்லேஜ் உணவங்காடியில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு, பொரித்த நெத்திலியோடு) வாங்க வரிசையில் நின்றேன். மணியை வெளியே ஒரு நண்பர் பிடித்துக்கொண்டார். பொட்டலத்தோடு கடற்கரைக்கு வந்து உட்கார்ந்தபோது அப்பா ஞாபகம் வந்தது.

நான் தேக்கோங்கில் இருந்தபோது அப்பா கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். என்னை வழியனுப்ப வரவில்லை, ஷிப்ட். ஆனால் அந்த மாதங்களில் ஞாயிறு தவறாமல் 2ஆம் எண் பேருந்து ஏறித் தனியாகச் சாங்கிக்குப் போய் நாசி லெமாக் வாங்கிவருவாராம். அப்பாவுக்குத் தேங்காய்ச் சோறு ஆகாது, நெஞ்சு எரியும். வாங்கிவந்து தங்கையிடம் கொடுத்துவிடுவார். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லி எத்தனையோ வருஷம் சிரித்திருக்கிறோம். அவர் இருந்தபோதும், போன பிறகும்.

பொட்டலத்தைப் பிரிக்காமல் வெகுநேரம் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ராத்திரி அம்மாவிடம் கேட்டேன், அப்பா எத்தனை வாரம் அப்படிப் போனார் என்று. "நீ அங்கேருந்து வர்ற வரைக்கும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எனக்குத் தெரியாதா என்ன" என்றார்.

ஜனவரி 25, சனி

நேற்று இரவு பிள்ளை வந்தான். கறுத்து, கழுத்து நீண்டு, குரல் கட்டிப்போய். மணி அவனை விட்டுவிட்டு அவன் பூட்ஸைத்தான் முதலில் முகர்ந்தது, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு ஓரமாக.

காலையில் பத்து மணிவரை தூங்கினான். எழுந்ததும், "சாங்கிக்குப் போலாமா, மணியோட?" என்றேன்.

"அப்பா, நேத்துதான் அங்கேருந்து வந்தேன். அந்தத் தண்ணிய மறுபடி பாக்கணுமா? பாசிர் ரிஸ் போதும்."

மனைவி அடுப்படியிலிருந்து, "உங்க அப்பாவுக்கு நாசி லெமாக் பைத்தியம் பிடிச்சிருக்குடா, வாராவாரம் பொட்டலம்" என்றாள். அவன் சிரித்தான்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் போன வாரத்து நெத்திலியை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.