படர்தாமரைக்கு 'அந்த டியூப்' கேட்பவர்களுக்கு

சென்னை தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டை ஒட்டிய ஒரு மெடிக்கலில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். வெயில் ஏறிவிட்டால் போதும், "படர்தாமரைக்கு ஒரு டியூப் குடும்மா" என்று யாராவது வராத மாலையே கிடையாது. காசிமேட்டில் மீன் இறக்குகிறவர்கள், கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்கள், எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நின்றபடி புடவை எடுத்துப் போடும் பெண்கள். வியர்வையும் ஈரமும் விடாத வேலை எல்லாருக்கும். பாதிப் பேர் கையில் காலி டியூபோடுதான் வருவார்கள். டாக்டர் எழுதிய சீட்டு இருக்காது. சீட்டு இல்லாமல் நான் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு போகிறவர்களிடம் கவுன்டரில் நின்று முழுசாகச் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அவர்கள் கேட்பது கலவை க்ரீம். ஒரே டியூபில் மூன்று மருந்து இருக்கும். பூஞ்சையைக் கொல்ல க்ளோட்ரிமசோல் அல்லது மைக்கோனசோல். பாக்டீரியாவுக்கு நியோமைசின், ஜென்டாமைசின் மாதிரி ஒன்று. மூன்றாவதுதான் விஷயமே: ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன் இருக்கலாம், க்ளோபெட்டசால் இருக்கலாம். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளில் க்ளோபெட்டசால் மிக வீரியமான வகை.

பூசிய மறுநாளே அரிப்பு அடங்கிவிடும், சிவப்பும் மங்கும். அது ஸ்டீராய்டு செய்கிற வேலை. கிருமியை எதிர்த்துத் தோல் காட்டும் எதிர்ப்பைத்தான் அது அடக்குகிறது. பூஞ்சை சாகவில்லை, எதிர்ப்பு குறைந்ததால் அது பாட்டுக்குப் பரவுகிறது. "சரியாயிடுச்சு" என்று நிறுத்தினால் சில நாளில் முன்பைவிடப் பெரிதாக வரும். மறுபடி அதே டியூப். இப்படியே போனால் ஓரம் சிவந்து வட்டமாக இருக்க வேண்டிய படை உருவம் மாறி, டாக்டரே ஒரு பார்வையில் கண்டுபிடிக்க முடியாதபடி ஆகிவிடும். இதை 1968லேயே பிரிட்டனில் ஐவ், மார்க்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் இன்னொரு கஷ்டமும் சேர்ந்திருக்கிறது. ட்ரைக்கோபைட்டான் இன்டோட்டினியே என்று 2020ல் பெயர் வைத்த பூஞ்சை இந்தியாவில் பரவலாக இருக்கிறது. வழக்கமாகக் கொடுக்கும் டெர்பினாஃபின் மாத்திரைக்குப் பல நேரம் அது மசிவதில்லை.

மார்க்கெட்டில் மீன் விற்கும் ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாவாடை நாடா இறுக்குகிற இடத்தில் இடுப்பைச் சுற்றிப் படை, தொடை இடுக்கிலும் இருந்தது. யாரோ சொன்ன க்ரீமை மாசக்கணக்கில் பூசியிருக்கிறார். "இன்னாமா இது, பூசுனா எரியுது, பூசலைன்னா அரிக்குது" என்று ஒருநாள் கடைக்கு உள்ளே வந்து காட்டினார். தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, உள்ளே சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் தெரிந்தன. தொடையில் பிள்ளை பெற்ற வயிற்றில் இருப்பது போன்ற கோடுகள், ஆனால் செக்கச் சிவப்பாக. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தேன். ஸ்டீராய்டை நிறுத்தி, வெறும் பூஞ்சை மருந்தும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். நிறுத்திய முதல் வாரம் அரிப்பில் தூங்கவே இல்லை என்றார். அது வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால்தான் பழைய டியூபுக்குத் திரும்பாமல் தாக்குப்பிடித்தார். படை போய்விட்டது. கோடுகளின் சிவப்பு நாளாக நாளாக வெளுக்கும், தழும்பு மட்டும் முழுசாகப் போகாது.

இந்த க்ரீமே கூடாது என்று நான் சொல்லவில்லை. புண், வீக்கம், அரிப்பு எல்லாம் சேர்ந்திருக்கும்போது டாக்டர் பார்த்துச் சில நாளைக்கு எழுதலாம். அப்போது கணக்கு முக்கியம். எத்தனை நாள் என்று சீட்டில் இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள். தொடை இடுக்கு என்றால் இரண்டு வாரத்தைத் தாண்டவே கூடாது. அளவுக்கு விரல்தான் அளவுகோல்: ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். குளித்து, ஈரம் போகத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிசாகப் பூசுங்கள். மேலே துணி வைத்துக் கட்டாதீர்கள், மருந்து அளவுக்கு மீறி உள்ளே இறங்கும். குழந்தைக்கு டயபர் புண் என்று இதைத் தடவுவது எனக்குப் பயத்தையே தருகிறது. டயபரும் கட்டுப் போட்ட மாதிரிதான், குழந்தைத் தோலோ இன்னும் மெல்லிசு. முகத்துக்கு வேண்டாம். கண் பக்கம் வேண்டவே வேண்டாம், நாள்பட்டால் கண்ணில் அழுத்தம் கூடும், புரையும் விழலாம். கர்ப்பமாக இருந்தால், பால் கொடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், உங்கள் டியூபைத் தம்பிக்கும் மாமியாருக்கும் கொடுக்காதீர்கள்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. இந்த ஸ்டீராய்டு க்ரீம்கள் ஷெட்யூல் எச் மருந்துகள், சீட்டில்லாமல் விற்கக் கூடாது. 2018 செப்டம்பரில் மத்திய அரசு 328 கலவை மருந்துகளைத் தடை செய்தபோது, அந்தப் பட்டியலில் தோலில் பூசும் இப்படிப்பட்ட க்ரீம்களும் இருந்தன.

மருந்து மட்டும் போதாது. எங்கள் பக்கத்து வீடுகளில் பெண்கள் உள்ளாடையை வெளியில் காயப்போடக் கூசி, புடவைக்கு அடியிலோ கதவுக்குப் பின்னாலோ போடுகிறார்கள். அது பாதி ஈரத்தோடுதான் மறுநாள் உடம்புக்கு ஏறும். மொட்டை மாடி வெயிலில் தனியாக விரித்துப் போடுங்கள், யார் என்ன சொன்னாலும் சரி. வெயிலே விழாத வீடென்றால் உள்பக்கம் திருப்பி, ஈரம் சுத்தமாகப் போகும்வரை இஸ்திரி போடுங்கள். துண்டு ஆளுக்கு ஒன்று. வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு இருந்தால் அவரையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள், இல்லையென்றால் அவரிடமிருந்து உங்களுக்குத் திரும்பி வரும்.

பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. செலவு கிடையாது. தேவைப்பட்டால் தோலை லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், வலிக்காது. பெண் டாக்டர்தான் வேண்டும் என்றால் கூசாமல் கேளுங்கள். போகிற அன்று காலையில் எதையும் பூசாதீர்கள். இதுவரை பூசிய டியூப்களை எல்லாம் ஒரு கவரில் போட்டு எடுத்துப்போங்கள். தூக்கிப் போட்டிருந்தால், வாங்கிய கடையில் மருந்தின் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.