கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட அனுபவம்

2025 குறுவையில் ஆடுதுறை 43 என்ற சன்ன நெல் ரகம் நட்டிருந்தேன். அறுவடை இயந்திரம் வயலைவிட்டு ஏறுவதற்குள் வியாபாரி வரப்பில் வந்து நின்றார். 60 கிலோ மூட்டைக்கு 1,150 ரூபாய், கையோடு பணம், ஈரம் பார்க்க மாட்டேன் என்றார். சன்ன ரகத்துக்கு அரசு விலை அப்போது குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். ஒன்றிய அரசின் ஆதார விலை 2,389, அதன்மேல் மாநில அரசின் ஊக்கத்தொகை 156. 60 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 1,527 வருகிறது. ஆனால் இந்த விலைக்கு நெல் வாங்கும் எங்கள் பகுதி அரசுக் கொள்முதல் நிலையம் அப்போது இன்னும் திறக்கவில்லை. அது எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

காத்திருப்பது என்று முடிவு செய்து காகிதங்களைத் தேட ஆரம்பித்தேன். சொந்த நிலத்துக்குச் சிட்டா (நிலம் யார் பெயரில் என்ற பதிவு), அடங்கல் (என்ன பயிர் என்ற பதிவு), ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் போதும். குத்தகை நிலத்தில்தான் வம்பு. சிட்டா உரிமையாளர் பெயரில் இருக்கிறது. இந்தப் போகம் பயிர் செய்தவன் நான்தான் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதித் தர வேண்டும். எங்களுடையது வாய்வழிக் குத்தகை. எழுத்தில் ஏறினால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று உரிமையாளருக்குப் பயம். அவரிடம் பேசிச் சம்மதம் வாங்கியதுதான் இந்த விற்பனையிலேயே கடினமான வேலை. உழுதவனுக்கு விலை கிடைக்கட்டும் என்று போட்ட திட்டம், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறது.

அடுத்தது ஈரப்பதம். வரம்பு 17 சதவீதம். நிலையத்தின் பட்டியல் எழுத்தர் குவியலின் மேல் நெல்லைத் தொடவே மாட்டார். முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். என் நெல்லுக்கு ஈரமானி 19.6 காட்டியது. களத்தில் பரப்பி, காலால் சால் விட்டுக் கிளறி, மேகம் கறுத்தால் கூட்டித் தார்ப்பாய் போட்டு மூடி, வெயில் வந்ததும் மறுபடி பரப்பினோம். 2025 அக்டோபர் மழையை டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துக் குவியலில் நெல் முளைத்தே விட்டது. வரம்பை 22 சதவீதமாகத் தளர்த்தும்படி மாநில அரசு கேட்டது, ஒன்றியக் குழு வந்து மாதிரி எடுத்துச் சென்றது. கோப்பு நகர்கிற வேகத்துக்கு நெல் காத்திருக்குமா?

காய்ந்த பிறகு சாக்கு இல்லை. சாக்கு வந்தபோது லாரி இல்லை. பிடித்த மூட்டைகளே அடுக்கிக் கிடந்ததால் புதிதாக எடை போட இடமில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று ரசீதில் வராத ஒரு கணக்கும் அங்கே உண்டு. கொடுக்காதவன் முறை பின்னால் போகும். கொடுத்தேன். இன்னும் எரிச்சல் தீரவில்லை.

ஒருவழியாக 40 கிலோ சிப்பங்களாக எடை போட்டு, கைரேகை வைத்தேன். சில நாட்களில் பணம் வங்கிக் கணக்குக்கு நேராக வந்துவிட்டது. ஆதார விலையே எங்களுக்குக் கட்டாது என்பது வேறு வழக்கு.

நான் கவனித்த இன்னொன்று: நிலையம் திறந்த அன்றே அதே வியாபாரி 1,300 என்றார். நெல் அதேதான், ஈரமும் அதேதான். அரசிடம் ஒரு மூட்டைகூடப் போடாதவர்களுக்கும் அன்று விலை ஏறியது. சந்தையை அரசு தொடக்கூடாது என்பவர்கள் இந்த 150 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று சொல்லட்டும். ஆனால் நிலையம் பூட்டிக் கிடந்த நாட்களில் 2,545 என்ற அறிவிப்பால் எனக்கு ஒரு பைசாப் பயனும் இருக்கவில்லை. அறுப்புக்கு முன்பே கதவு திறந்து, சாக்கும் உலர்த்தும் இயந்திரமும் வந்து சேர்ந்தால், ஊக்கத்தொகையைக் கூட்டாமலே எங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும்.

சம்பாவுக்குப் போடுகிறவர்கள் அடங்கலைக் கதிர் முற்றும்போதே வாங்கி வையுங்கள். தார்ப்பாயைச் சொந்தமாக வாங்கிவிடுங்கள்; மழை நாளில் அதை வாடகைக்கு விடுபவர் கேட்கும் தொகை அதன் விலையில் பாதி.