டிஸ்சார்ஜ் புக்ல ஒரே ஒரு எழுத்து: பொண்ணுக்கு பிரைம் மினிஸ்டர் ஸ்காலர்ஷிப் வாங்கின அனுபவம்

எங்க வீட்டுக்காரர் மெட்ராஸ் ரெஜிமெண்ட்ல 24 வருஷம் சர்வீஸ் முடிச்சு 2017ல ஹவில்தாரா ரிட்டயர்டு ஆகி வந்தாரு. இப்போ ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனில செக்யூரிட்டி சூப்பர்வைசரா இருக்காரு, நாங்க ஆதம்பாக்கத்துல குடியிருக்கோம். பெரிய பொண்ணு 2023ல பிளஸ் டூ முடிச்சா. அந்த ஒரு வருஷம் நாங்க பேப்பரும் கையுமா அலைஞ்சத இங்க எழுதுறேன், ஏன்னா எங்களுக்கு நடந்தது இன்னொரு பட்டாளத்து வீட்டுல நடக்கக் கூடாது.

முதல்ல விஷயம் தெரியாதவங்களுக்கு. எக்ஸ் சர்வீஸ்மேன் பிள்ளைங்களுக்கு படிப்புக்குன்னு நிறைய இருக்கு, ஆனா வீடு தேடி யாரும் வந்து சொல்ல மாட்டாங்க. தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சலிங்ல எக்ஸ் சர்வீஸ்மேன் பிள்ளைங்களுக்குன்னு 150 சீட் ஒதுக்கீடு, பொது கவுன்சலிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அது முடிஞ்சிரும். அப்புறம் ஹவில்தார் ரேங்க் வரைக்கும் உள்ளவங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க வரைக்கும் ஒண்ணாவதுல இருந்து டிகிரி வரை மாசம் 2,000 ரூபா (2025 நவம்பருக்கு முன்னாடி 1,000) எஜுகேஷன் கிராண்ட், இது டிசம்பர் 7 கொடிநாள்ல வசூல் பண்றாங்களே அந்த நிதியில இருந்து வர்றது. எல்லாத்துக்கும் மேல பிரைம் மினிஸ்டர் ஸ்காலர்ஷிப், டெல்லில இருக்கிற கேந்திரிய சைனிக் போர்டு குடுக்குறது, வருஷத்துக்கு 5,500 பேருக்கு, அதுல பாதி பொண்ணுங்களுக்கு. பொண்ணுங்களுக்கு மாசம் 3,000, பசங்களுக்கு 2,500, வருஷத்துக்கு ஒரு தடவ மொத்தமா அக்கவுண்ட்ல போடுவாங்க. பிளஸ் டூல 60 சதவீதம் எடுத்திருக்கணும், முதல் வருஷம் சேர்ந்த உடனேயே அப்ளை பண்ணிடணும், அத விட்டா அந்த படிப்புக்கு அவ்ளோதான். பிஇ, எம்பிபிஎஸ், பிஎட், எம்பிஏ மாதிரி தொழிற்படிப்புக்குத்தான், சாதாரண பிஏ பிஎஸ்சிக்கு கிடையாது.

எங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்தது, ஆனா ரிட்டயர்டு ஆகும்போது பட்டாளத்துல குடுக்குற டிஸ்சார்ஜ் புக்க பிரிச்சு ஒழுங்கா படிச்சது கிடையாது. அதுதான் தப்பு.

ரிசல்ட் வந்த மறுநாளே பரங்கிமலைல டிரெயின் ஏறி பார்க் ஸ்டேஷன்ல இறங்கி ராஜா முத்தையா சாலைல இருக்கிற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு போனோம், கவுன்சலிங்குக்கு சர்டிபிகேட் வாங்க. (ஆவடிப் பக்கம் இருக்கிறவங்க திருவள்ளூருக்கு போகணும், எந்த மாவட்டத்துல குடியிருக்கீங்களோ அந்த மாவட்ட ஆபீஸ்தான்.) அங்க இருந்த அம்மா ரொம்ப பொறுமையா எல்லாத்தையும் வாங்கி பார்த்தாங்க. டிஸ்சார்ஜ் புக்ல குடும்ப விவரம் இருக்கிற பக்கத்த ஒரு பக்கம், பொண்ணோட மார்க் ஷீட்ட இன்னொரு பக்கம் வச்சு, விரல ஒவ்வொரு எழுத்தா நகர்த்திட்டே வந்தாங்க, பாதில விரல் நின்னுடுச்சு. "அம்மா, இதுல எச் இல்லையே"ன்னாங்க.

என் பொண்ணு பேர்ல நடுவுல 'த' சத்தம் வரும். நம்ம ஊர்ல அத இங்கிலீஷ்ல எழுதும்போது டி (T) போட்டு பக்கத்துல எச் (H) போடுவோம், வடக்க வெறும் டி போதும். 2005ல அவ பொறந்தப்போ அவரு ராஜஸ்தான்ல வேற ஒரு யூனிட்டோட அட்டாச்மெண்ட்ல இருந்தாரு, அங்க இருந்த கிளார்க் வடநாட்டுக்காரர், அவங்க ஊர் வழக்கப்படி சரியாத்தான் எழுதியிருக்காரு, இவரும் புள்ள பொறந்த சந்தோஷத்துல கையெழுத்து போட்டுட்டாரு. அது அப்படியே பார்ட் டூ ஆர்டர் (வீரரோட குடும்ப விவரத்த பட்டாளத்துல பதிவு பண்ற உத்தரவு) ஆகி, ரெக்கார்ட்ல ஏறி, 12 வருஷம் கழிச்சு டிஸ்சார்ஜ் புக்லயும் வந்து உக்காந்துருச்சு. பள்ளிக்கூடம், ஆதார், மார்க் ஷீட் எல்லாத்துலயும் எச் இருக்கு, பட்டாளத்து பேப்பர்ல மட்டும் இல்ல.

சின்ன விஷயம்தானே, ஒரு அபிடவிட் குடுத்தா போதும்னு நினைச்சோம். இல்ல, ரெக்கார்ட் ஆபீஸ்ல திருத்தி புதுசா பார்ட் டூ ஆர்டர் வரணும்னாங்க. அவங்கள குறை சொல்ல முடியாது, வேற யாரோ பிள்ளைய காட்டி சீட் வாங்கிறக் கூடாதுன்னுதானே இவ்வளவும். நோட்டரி அபிடவிட், பிறப்புச் சான்று, பத்தாவது மார்க் ஷீட், ஆதார், டிஸ்சார்ஜ் புக் ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து விண்ணப்பம் எழுதி அவங்க ஆபீஸ் கவரிங் லெட்டரோட குடுத்தாங்க. தபால்ல அனுப்பலாம்தான், ஆனா கவுன்சலிங் தேதி கழுத்துல உக்காந்திருக்கு, மெட்ராஸ் ரெஜிமெண்ட் ரெக்கார்ட் ஆபீஸ் நீலகிரில வெலிங்டன்லதான் இருக்கு, நேர்லயே போயிடலாம்னு அன்னைக்கு ராத்திரியே சென்ட்ரல்ல நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிட்டோம். ரிசர்வேஷன் கிடைக்கல, அன்ரிசர்வ்டுதான், ஜோலார்பேட்டை வரைக்கும் நின்னுட்டே போனேன், ஒரிஜினல் சர்டிபிகேட் இருந்த பைய மட்டும் கீழ வைக்கல.

மேட்டுப்பாளையத்துல இறங்கி பஸ் புடிச்சு குன்னூர், அங்க இருந்து வெலிங்டன். மலைக்காத்து, குளிரு, நான் சேலை முந்தானைய இழுத்து போத்திக்கிட்டு நடக்குறேன், ரெக்கார்ட் ஆபீஸ் கேட்டுக்கு பக்கத்துல போகப் போக அவரு நடையே மாறிருச்சு. ஆறு வருஷமா சிவில்ல இருக்கிற மனுஷன், சட்டைய இழுத்து விட்டு, தோள விரிச்சு, பழையபடி ஆயிட்டாரு. உள்ள ஒரு சின்ன வயசு பையன் உக்காந்திருந்தான், ஆர்மி நம்பர் கேட்டான், இவரு மூச்சு விடாம சொன்னாரு. அந்த பழைய ஆர்டர எடுத்து காட்டினாங்க. பொண்ணு பொறந்ததுக்கு மொத்தம் ஒரே ஒரு வரி. நம்பர், பேரு, "டாட்டர் பார்ன்", தேதி. நான் ஆஸ்பத்திரில வலியோட கிடந்த நாள், இவரால லீவு கிடைச்சு வர முடியாத நாள், அது அந்த ஒரு வரில இருந்துச்சு. அத பார்த்ததும் எனக்கு கண்ணு கலங்கிருச்சு, அவரும் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

பேப்பர் எல்லாம் வாங்கிக்கிட்டாங்க, டீ கூட குடுத்தாங்க. திருத்தின ஆர்டர் எங்க கைக்கு வர அஞ்சு வாரம் ஆச்சு. அதுக்குள்ள கவுன்சலிங்ல சர்டிபிகேட் வெரிபிகேஷன் முடிஞ்சு போச்சு, எக்ஸ் சர்வீஸ்மேன் கோட்டா எங்களுக்கு இல்லாம போச்சு. கோட்டால போயிருந்தா கண்டிப்பா நல்ல காலேஜ் கிடைச்சிருக்கும்னு நான் சொல்லல, ஆனா வரிசைல போய் நிக்கக் கூட முடியலையே, அதுதான் இன்னைக்கும் ஆறல. பொது கவுன்சலிங்ல ஊருக்கு வெளிய ஒரு தனியார் காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைச்சுது, நல்லாத்தான் படிக்கிறா.

ஸ்காலர்ஷிப்ப மட்டும் விடக் கூடாதுன்னு அடுத்து அதுல இறங்கினோம். ஆன்லைன்லதான் அப்ளை பண்ணனும், மூணு படிவம் இருக்கு. எக்ஸ் சர்வீஸ்மேன்னு நல அலுவலகத்துல கையெழுத்து வாங்குறது ஒண்ணு, காலேஜ்ல இங்க படிக்கிறான்னு எழுதி வாங்குற போனஃபைடு ஒண்ணு, பேங்க்ல மேனேஜர் கையெழுத்து ஒண்ணு. முதல் படிவம் அரை மணி நேரத்துல முடிஞ்சுது. காலேஜ்ல கொடுத்தத வாங்கி பார்த்தா படிப்போட காலம் மூணு வருஷம்னு எழுதி, அப்புறம் ஒயிட்னர் தடவி நாலுன்னு மாத்தியிருந்தாங்க. இது செல்லாது, புதுசா எழுதி குடுங்கன்னு கேட்டதுக்கு, இதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்கம்மான்னு பதில். ஒரு எச்சுக்கு வெலிங்டன் வரைக்கும் போயிட்டு வந்தவ நான், அங்கயே சேர்ல உக்காந்துட்டேன், சாயங்காலம் நாலு மணிக்கு புது படிவம் வந்துச்சு.

பேங்க்ல வேற மாதிரி. பொண்ணுக்கு பத்து வயசுல ஆரம்பிச்ச மைனர் அக்கவுண்ட், 18 முடிஞ்சும் மாத்தாம இருந்தோம், ஆதாரும் லிங்க் ஆகல. பணம் ஆதார் லிங்க் பண்ண அக்கவுண்ட்டுக்குத்தான் வரும், அதுவும் பிள்ளை பேர்ல இருக்கணும், அப்பா அக்கவுண்ட் செல்லாது. மூணு தடவ போனோம். அப்ளை பண்ற நேரத்துல போய் நிக்காம பிளஸ் டூ பரீட்சை முடிஞ்ச கையோட இத முடிச்சு வச்சிருங்க.

ஸ்கேன் பண்ணும்போது ஜெராக்ஸ ஸ்கேன் பண்ணாதீங்க, ஒரிஜினலையே பண்ணுங்க, முத்திரை தெளிவா தெரியணும். அப்லோட் பண்ணதும் வேலை முடிஞ்சுதுன்னு இருந்துராதீங்க, ஒரிஜினல எடுத்துட்டு நல அலுவலகத்துக்கு போய் காட்டணும், அவங்க சரி பார்த்து மேல மாநில அலுவலகத்துக்கு தள்ளி விடுவாங்க, அங்க இருந்துதான் டெல்லிக்கு போகும். ஸ்டேட்டஸ வாரத்துக்கு ஒரு தடவயாவது பாருங்க, ஏதாவது குறைன்னா நமக்கே திருப்பி விடுவாங்க, திருத்தி அனுப்ப வேண்டியது நம்ம பொறுப்பு.

36,000 ரூபா வந்தப்போ பொண்ணு காலேஜ்ல இருந்தா, மெசேஜ ஸ்கிரீன்ஷாட் எடுத்து அப்பாவுக்குத்தான் முதல்ல அனுப்பினா. அவரு டூட்டில இருந்தாரு, திருப்பி ஒண்ணும் அனுப்பல, ராத்திரி வந்து "உங்க அப்பா சர்வீஸுக்கு வந்ததும்மா இது"ன்னு மட்டும் சொன்னாரு. வருஷா வருஷம் 50 சதவீதம் எடுத்தா ரெனியூ ஆகும், அவ இதுவரைக்கும் விடல.

இன்னொண்ணு சொல்லணும். இந்த ஸ்காலர்ஷிப் பிள்ளைங்களுக்கு மட்டும் இல்ல, இறந்து போன வீரரோட மனைவியும் படிக்கலாம், அவங்க பேர்லயே அப்ளை பண்ணலாம். எங்க தெருவுல ஒரு தங்கச்சி, வீட்டுக்காரர் சர்வீஸ்ல இருக்கும்போதே போயிட்டாரு, டிகிரி முடிச்சிட்டு வீட்டுல உக்காந்திருந்தா. பிஎட் சேரணும்னு அவளுக்கு ரொம்ப ஆசை, பணத்துக்கு யோசிச்சிட்டு இருந்தா, இப்படி ஒண்ணு இருக்கிறதே அவளுக்கு தெரியல.

போன ஞாயித்துக்கிழமை அவளும் இன்னும் ரெண்டு பேரும் அவங்கவங்க டிஸ்சார்ஜ் புக்க எடுத்துட்டு எங்க வீட்டுக்கு வந்தாங்க. சாப்பாட்டு மேஜைல வரிசையா விரிச்சு வச்சு, அந்த ஆபீஸ் அம்மா பண்ண மாதிரியே ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சு பார்த்தோம். ஒருத்தங்க பையனுக்கு பேரு சரியா இருக்கு, பொறந்த வருஷம் ஒண்ணு தள்ளி இருக்கு. பையன் இப்போதான் ஏழாவது படிக்கிறான். அபிடவிட் எழுதியாச்சு, நாளைக்கு காலைல நானும் அவங்க கூட பார்க் ஸ்டேஷன் வரைக்கும் போறேன்.