புலுனிக்கும் ஒரு படம்

கனடாவின் ஸ்காபரோவில் முதல் குளிர்காலம் முழுவதும் வெளியே போகாமலிருக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். சனவரியில் ஒரு காலை, பின்வளவு வேலியில் ஆண் கார்டினல் பறவை ஒன்று வந்து உட்கார்ந்தது. கொண்டை முதல் வால் வரை மிளகாய்ப்பழச் சிவப்பு. குளிருக்குத் தெற்கே பறந்து போகாமல் இங்கேயே கிடக்கும் இனம். அதனாலேயே அதன்மேல் ஒரு பரிவு வந்தது.

மகளின் கமராவை எடுத்து வந்து பிடித்தேன். படத்தில் பனி பழைய வேட்டி போல மங்கிக் கிடந்தது. எதைக் கண்டாலும் நடுத்தர வெளிச்சம் என்றே கணக்குப் போடுவது கமராவின் குணம். வெண்பனியைக் கண்டதும் தானாகவே இருட்டாக்கிவிடுகிறது. வெளிச்சத்தை ஒரு படி, சில நாட்களில் ஒன்றரைப் படி நாம்தான் கூட்டி வைக்கவேண்டும். இது பிடிபட இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் வெளியில்தான் நின்றிருக்கிறேன் என்பது பிறகே உறைத்தது.

குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கிவிடும். இன்னொன்றை உள்பையில் உடம்புச் சூட்டோடு வைத்திருப்பேன். வீட்டுக்குள் நுழையுமுன் கமராவைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டாவிட்டால் லென்ஸ் வியர்த்துவிடும்.

வசந்தத்தில் டொமி தொம்சன் பூங்காவுக்குப் போனேன். ரொறன்ரோவின் கட்டட இடிபாடுகளை ஒன்ராறியோ ஏரிக்குள் கொட்டி உருவாக்கிய நிலமுனை அது. கரையில் உடைந்த செங்கல், துருப்பிடித்த கம்பி. மரங்களிலோ ஆயிரக்கணக்கில் நீர்க்காகக் கூடுகள். எச்சத்தால் பட்டுப்போன கிளையொன்றில் சிறகை விரித்துக் காயவைத்தபடி நின்றது ஒன்று. யாழ்ப்பாணக் கடனீரேரியில் இதே நிலையில் எத்தனையைக் கண்டிருப்பேன்! அன்று ஒன்றைக்கூட நின்று பார்த்ததில்லை.

ஆவணியில் ஊருக்குப் போனபோது மன்னாரின் பூநாரைகளுக்கென்று பெரிய லென்ஸையும் சுமந்து போனேன். அது வேறு மாதத்துப் பறவை என்று அங்கே போன பிறகுதான் சொன்னார்கள். ஆகவே முற்றத்துப் புலுனிக் குருவிகளுக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்தேன்.

"இதைப் பிடிக்கவா கனடாவிலிருந்து வந்தாய்?" என்றார் அம்மா, விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி.

படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். மஞ்சள் அலகு, நீலம் கலந்த வெள்ளைக் கண், கலைந்த தவிட்டு நிற இறகு. மூக்குக்கண்ணாடியை உயர்த்தி நெடுநேரம் பார்த்தார்.

"ஊத்தையாக நிற்கிறதே. குளித்த பிறகு எடுத்திருக்கலாம்."